மஹ்பூபா திருப்பித் தராத கிண்ணங்கள்

மஹ்பூபா தனியாக இருப்பது என்று முடிவெடுத்தபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த முடிவை யாரையும் கேட்டு எடுக்கவில்லை. எடுத்த பிறகு யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளவும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டுமே.

முல்லா வீதியில் அவள் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பதினாலு பேர். கணவர் ஷஹாபுதீன், அவருடைய இரண்டு தம்பிகள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள், மாமியார், போதாததற்கு நாலு நாள் தங்கலாம் என்று வந்து நாலு வருஷம் தங்கிவிடுகிற தூரத்து உறவு ஒன்று. ஷஹாபுதீனுக்குப் பெரிய மார்க்கெட் பக்கத்தில் குடை ரிப்பேரும் பூட்டு சாவியும் பார்க்கிற சின்னக் கடை. பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று வீட்டார் எல்லோரும் சேர்ந்து தாங்களாகவே முடிவு பண்ணி அடுப்படியை அவளிடம் விட்டார்கள். முப்பத்தோரு வருஷம் ஆக்கிப் போட்டாள். ஷஹாபுதீன் மௌத்தானார், பிறகு மாமியார் மௌத்தானார், கடைசியில் வீட்டையும் விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

பெரிய கொழுந்தன் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். அவளையும் கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வீட்டு மருமகளுக்கு அது ஆறாவது மாதம் என்பதும், அங்கே சமையலுக்கு இருந்த பெண் நின்றுவிட்டாள் என்பதும் மஹ்பூபாவின் காதுக்கு வந்திருந்தது. எனக்கென்று ஒரு அடுப்பு இருந்தால் போதும், நான் ராணியாட்டம் இருப்பேன் என்று பத்துப் பேர் இருந்த இடத்தில் சொல்லிவிட்டாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பின்னால் வந்த மாதங்களில் அவள் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டது, அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்பதைத்தான்.

உழவர்கரையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, முதல் மாடியில், எதிரும் புதிருமாக இரண்டு போர்ஷன்கள். அதில் ஒன்றை லீசுக்கு எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் மகன் ரிஹான் ஒரு மே மாதத்துக் காலையில் ஆட்டோவில் அவளையும் மூன்று மூட்டைகளையும் கொண்டுவந்து இறக்கினான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூன்று வெள்ளிக்கிழமை பண்ணினான். நல்ல பையன்தான், வேலை ஜாஸ்தி.

முதல் நாள் பழக்க தோஷத்தில் அரிசியை அள்ளிப் போட்டுவிட்டாள். சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தபோதுதான் இதை யார் தின்பது என்ற கேள்வி வந்தது. மூன்று நாள் அந்தச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தின்று தீர்த்தாள். நாலாம் நாள் பாத்திரக் கடைக்குப் போய், பொம்மைச் சட்டி என்று முல்லா வீதியில் கேலி பண்ணுவார்களே, அந்த அளவில் ஒரு பாத்திரம் வாங்கிவந்தாள். அரை டம்ளர் அரிசி என்பது படிப்படியாகத்தான் பிடிபட்டது.

அரிசியாவது சொன்னபடி கேட்டது, காய்கறி கேட்கவில்லை. ஒரு கட்டுக் கீரை வாங்கினால் முதல் நாள் பொரியல், இரண்டாம் நாள் கூட்டு, மூன்றாம் நாள் அதன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காது. தேங்காய் மூடி ஊசிப்போனது. தோசை மாவுப் பாக்கெட் புளித்துப் பொங்கியது. தள்ளுவண்டியில் காய் விற்கிற நாராயணசாமியிடம் இரண்டே இரண்டு கத்தரிக்காயை எடுத்து நீட்டியபோது அவர் தராசைத் தொடவே இல்லை. "ரெண்டு கத்தரிக்காய வச்சி என்னா பண்ணப் போறீங்க பாயம்மா, படம் வரையவா?" என்றார். தெருவில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு கெடாத சாமானாகப் பார்த்து வாங்கத் தொடங்கினாள்: உருளைக்கிழங்கு, வெங்காயம், நெத்திலிக் கருவாடு, அப்பளம், முட்டை. கறிக்கடைப் பக்கம் போவதையே விட்டாள். நூறு கிராம் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. இத்தனைக்கும் அவள் வாய்க்காரி.

கடைசியில் எல்லாம் சுருங்கி ஒரு புளியாணத்தில் வந்து நின்றது. அவர்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்பார்கள். புளியாணம் என்றால் ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. புளியைக் கரைத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். கூட ஒரு முட்டையோ அப்பளமோ பொட்டுக்கடலைத் துவையலோ. திங்கள் புளியாணம், செவ்வாய் புளியாணம், புதன்கிழமை கேட்கவே வேண்டாம். செலவு குறைவு, வேலை குறைவு, மிச்சம் விழாது. ஆக்க அரைமணி நேரம் ஆகும். தின்ன நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பானேன் என்று ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டே தின்னப் பழகிக்கொண்டாள். கீழே மில் ஓடினால் அந்தச் சத்தமாவது துணைக்கு இருக்கும். மில் நின்றுவிட்டால் தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்கும். அதை அவள் வெறுத்தாள்.

எதிர்ப் போர்ஷனில் சிவசங்கரி என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. புருஷன் ராஜவேலுக்கும் அங்கேயே இன்னொரு கம்பெனியில் வேலை. நாலு வயதில் பூர்ணிமா என்று ஒரு பெண் குழந்தை. காலை ஏழரைக்கு மூன்று பேரும் ஒரே பைக்கில் ஏறிக் கிளம்பினால் பொழுது சாயும்போது திரும்புவார்கள்.

குடிவந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரி கதவைத் தட்டி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினாள். கருணைக்கிழங்குக் காரக்குழம்பு. புதுசா வந்திருக்கீங்களே பாயம்மா, ஒண்ணும் குடுக்கலியேன்னு இருந்துச்சு என்றாள். மஹ்பூபா வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் நின்றவாக்கில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அடுத்தவர் ஆக்கிய குழம்பு அவள் வாய்க்கு வந்தது கல்யாண வீட்டிலும் இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதிய வீட்டிலும்தான். இது சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கென்றே ஒருத்தி ஊற்றிக் கொடுத்தது. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண் கலங்கியது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுங்கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பிப் போனால் அது அவமரியாதை என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாளாகப் பழக்கம். முல்லா வீதியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. அந்த அடுப்பில் எந்நேரமும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினால் தீர்ந்தது. இங்கே எதைப் போட்டுக் கொடுப்பது? அரை டம்ளர் புளியாணத்தையா? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுப்பார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் சீனியே கிடையாது. வாங்கிப் போடலாம்தான். ஆனால் சீனி போட்டுக் கொடுத்தால், இன்றைக்கு இந்த வீட்டில் ஒன்றும் ஆக்கவில்லை என்று தானே தம்பட்டம் அடிப்பதாக ஆகும். ராணியாட்டம் இருப்பேன் என்றவளுக்கு அது ஒத்துவருமா? வரும் வெள்ளிக்கிழமை நல்லதாக ஏதாவது ஆக்கிக் கொடுக்கலாம் என்று கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அடுத்த வாரம் வாழைப்பூப் பொரியலோடு இரண்டாவது கிண்ணம் வந்தது. ஆகஸ்டில் மொச்சைக் கொட்டைக் குழம்போடு மூன்றாவது. மூன்றிலும் ராஜவேல் - சிவசங்கரி என்று பெயர் வெட்டியிருந்தது, கல்யாணச் சீரில் வந்தவை போலிருக்கிறது. மூன்றையும் வழித்துத் தின்றாள். மூன்றும் அலமாரியில் உட்கார்ந்தன.

வெட்கம் மட்டுமே காரணம் என்றால் அவள் எப்படியாவது சமாளித்திருப்பாள். உள்ளே இன்னொன்று இருந்தது. ஒரு நாள் மாடிப்படியில் எதிரே வந்த சிவசங்கரி, பேச்சோடு பேச்சாக, நீங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பீர்களா என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். இல்லம்மா, எங்க வீட்ல பழக்கம் இல்ல என்றாள் மஹ்பூபா. பழக்கம் இல்லாததும் உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு மாடியேறி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. நாம் ஒன்றை ஆக்கிக் கொடுத்து, அந்தப் பெண் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியதும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டால்? முப்பத்தோரு வருஷம் ஆக்கிய கை. அதில் ஆக்கியதை ஒருத்தரும் கீழே கொட்டியதில்லை. அப்படி ஒன்று நடந்து அது தனக்குத் தெரியவந்தால் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கொடுக்காமல் இருந்துவிட்டால் தெரியவராது.

ஆகஸ்டுக்குப் பிறகு கிண்ணம் வருவது நின்றது. சிவசங்கரி முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்தது. எதிர்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அது சாத்துகிறவரை மஹ்பூபா வெளியே வர மாட்டாள். ஏழே முக்காலுக்கு மேல்தான் குப்பை கொட்டப் போவாள். பூர்ணிமா மட்டும் சில நாள் வராந்தாவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டியபடி அவள் கதவில் ஒரு இடி இடித்துவிட்டுப் போகும். அன்றைக்கு முழுக்க அந்த இடி அவளுக்கு ஆறுதலாக இருக்கும். தீபாவளி போனது, பொங்கல் போனது. பலகாரம் ஒன்றும் வரவில்லை. ஏன் வரும்? மூன்று கிண்ணத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் வீட்டுக்கு நாலாவதை யார் அனுப்புவார்கள்?

மார்ச் மாதம் நோன்பு வந்தது. விடியுமுன் தனியாக எழுந்து சாப்பிட்டு சஹர் செய்து, தனியாக நோன்பு திறப்பது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதல் நாள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாருக்கோ நீட்டுவதற்காகக் கையை நகர்த்தினாள். நகர்த்திய கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் போய் வரிசையில் நின்றாள். கஞ்சியைவிட வரிசைதான் அவளுக்குப் பிடித்தது. முன்னும் பின்னும் பெண்கள், பேச்சு, தள்ளுமுள்ளு. ஊற்றுகிற பெரியவர் வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிறவர் இல்லை. பாத்திரம் கொண்ட மட்டும் ஊற்றினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு பேர் குடிக்கலாம்.

பல மாதங்களுக்குப் பிறகு அவள் வீட்டில் மிச்சம் என்று ஒன்று இருந்தது. அதுவும் பள்ளிவாசலில் காய்ச்சியது, அவள் கையால் காய்ச்சியதல்ல. கொட்டினாலும் அவளைக் கொட்டியதாக ஆகாது. என்றாலும் மனசைத் தேற்றிக்கொள்ள இன்னும் இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பெரிய கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, மற்ற இரண்டையும் அடியில் அடுக்கிக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள். சுவரில் காலண்டர் இல்லை. சிவசங்கரி கையில் பழைய பேப்பரோடு நின்றாள். மஹ்பூபாவையும் பார்த்தாள், கிண்ணங்களையும் பார்த்தாள். ராஜவேலைக் கம்பெனியில் ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது என்றாள். பங்குனியில் வீடு மாறக் கூடாது என்று மாமியார் போனில் ஒரே சத்தமாம். கம்பெனிக்கு ஏது பங்குனி?

மஹ்பூபா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். கிண்ணத்தை நீட்டினாள். சிவசங்கரி வாங்கி, நின்ற இடத்திலேயே ஒரு வாய் குடித்தாள். அப்புறம், பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, சொல்லியேவிட்டாள்.

"நாங்க குடுத்தத நீங்க தொடவே மாட்டீங்க, கொட்டிடுவீங்கன்னு நெனச்சேன் பாயம்மா. அலாலு அது இதுன்னு சொல்றாங்களே, நம்ம ஏனமெல்லாம் ஆகாதோ என்னமோன்னுட்டுதான் குடுக்கறத நிறுத்திட்டேன்."

"வழிச்சுத் தின்னேம்மா. மூணு தடவையும்."

"அப்பறம் ஏன் கிண்ணத்தத் தரல?"

"வெறுங்கிண்ணமா எப்புடித் தர்றது? போட்டுத் தர ஒண்ணுமில்ல. நான் ஒருத்திக்கு என்னத்த ஆக்கப் போறேன், தெனம் புளியாணந்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, இந்த வீட்டுக்கு வந்தபின் யாரிடமும் உண்மையைச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று. சிவசங்கரி சிரிக்கவில்லை. லீவு நாளில் மத்தியானம் அந்தத் தாளிப்பு வாசனைதான் தங்கள் வீட்டுக்குள் வரும், இன்றைக்காவது பாயம்மா ஒரு கரண்டி கொடுப்பார்களா என்று தானும் ராஜவேலும் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். கொடுக்காததால் கோபம்கூட வந்ததாம். இந்தக் கஞ்சி பள்ளிவாசலில் காய்ச்சியதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அந்த முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்துபோனது. அந்த ஏமாற்றத்தைப் பார்த்ததும் மஹ்பூபா வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம மதியம் மூணு பேரும் எங்க வீட்ல சாப்புடுங்க. அடுப்பெல்லாம் கட்டிப்போட்டுட்டு எங்க போவீங்க?"

"நீங்க நோன்பு. உங்க முன்னால ஒக்காந்து நாங்க எப்புடி..."

"நோன்பு எனக்குத்தான். அடுப்புக்கு இல்ல."

சிவசங்கரி தயங்கினாள். அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று மஹ்பூபாவுக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷக் குடும்பத்தில் அதை எத்தனை பேரிடம் அவளே சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாடிப்படியில் பெட்டிகள் இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. போய்க் கேட்கலாம். கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வருகிறார்களா இல்லையா என்றே தெரியாமல், தள்ளுவண்டியை நிறுத்தி ஒரு கிலோ உருளைக்கிழங்கு கேட்டாள். நாராயணசாமி நிமிர்ந்து பார்த்தார். விருந்தா பாயம்மா என்றார். ஆமாம் என்றாள்.

பிரியாணி போடலாமா என்று முதல் நாள் பூரா யோசித்திருந்தாள். பாய் வீட்டில் சாப்பாடு என்றால் ஊரே அதைத்தான் எதிர்பார்க்கும். ஆனால் கறி என்று வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு கேள்வி வரும். வந்தாலும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே தின்பார்கள். அது வேண்டாம். அவர்கள் கேட்டது புளியாணம்தான். வெள்ளைச் சோறு, புளியாணம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கொரு முட்டை. மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி என்பது சட்டென்று வரவில்லை. பதினாலு பேருக்குத் தெரியும், ஒருத்திக்குத் தெரியும். நடுவில் உள்ள எண்களெல்லாம் மறந்தே போயிருந்தன. டம்ளரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் போடுவதைப் போல வாய்விட்டு எண்ணிப் போட்டாள். புளியை மூன்று மடங்கு ஊறவைத்தாள். தண்ணீரை அளந்தே ஊற்றினாள்.

உப்பு பார்க்கத்தான் வழியில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வார்தான். அவள் மாமியார் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. முல்லா வீதி வீட்டில் நோன்பு வைக்கிற வயது வராத பிள்ளை ஒன்று எப்போதும் காலடியில் திரியும். அதைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால், நக்கிவிட்டுச் சரியாகச் சொல்லிவிடும். இங்கே பூர்ணிமாவைக் கூப்பிடலாம் என்று கதவு வரைக்கும் போனாள். வருவார்களா என்றே தெரியாதபோது பிள்ளையைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வது நன்றாக இருக்குமா? திரும்பி வந்துவிட்டாள். உத்தேசமாக அள்ளிப் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் தயார். கீழே குட்டி யானை வண்டி வந்து நின்றது. மில்லுக்கு ஞாயிறு லீவு என்பதால் ஒவ்வொரு சத்தமும் தெளிவாகக் கேட்டது. கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது. ஒரு மணி ஆனது. வராந்தாவில் ராஜவேலின் குரல், ஓட்டலில் பார்சல் வாங்கிவந்துவிடட்டுமா என்று கேட்டது. மஹ்பூபா கதவுக்குப் பின்னால் நின்றாள். சிவசங்கரி சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை. சட்டியை மூடி வைத்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். அல்லாஹ், என்னை ஏன் இப்படி நிற்க வைக்கிறாய் என்று நினைத்தாள்.

கதவில் ஒரு இடி விழுந்தது. சைக்கிள் வண்டியில் ஏறிப்போய்விட்டதால் பூர்ணிமா கையாலேயே இடித்திருந்தது. பின்னால் சிவசங்கரி, அவளுக்குப் பின்னால் கை கால் முகம் கழுவிக்கொண்டு ராஜவேல். அவன் அதிகம் பேசாத ஆள். வந்த உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மஹ்பூபா பரிமாறினாள். பிள்ளைக்குச் சோற்றைக் குழைத்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வராமல் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவசங்கரி அவளை உட்காரச் சொன்னாள், அவள் கேட்கவில்லை. மூன்று பேரும் பிசைந்தார்கள், வாயில் வைத்தார்கள். ராஜவேல் இரண்டு வாய் தின்றான். மூன்றாவது வாய்க்கு முன்னால் கையை நிறுத்தினான்.

"கொஞ்சம் உப்பு இருந்தா குடுங்க."

சிவசங்கரி முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். அவன் எதற்கு இடிக்கிறாய் என்று அவளைப் பார்த்தான். மஹ்பூபா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்க மாட்டேன் என்றது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் ஒருத்தர்கூட அவள் சமையலைக் குறை சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே? வேண்டாத வீட்டில் யாரும் உப்புக் கேட்க மாட்டார்கள். இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவார்கள். இவன் கேட்கிறான். தின்னப்போகிறவன்தான் கேட்பான்.

ஜாடியைக் கொண்டுபோய் வைத்தாள். எவ்வளவு கம்மி என்று கேட்டாள்.

"பாதிகூட இல்ல. மத்தபடி சூப்பரா இருக்குது," என்றான் ராஜவேல். உப்பைத் தூவிக்கொண்டு மூன்றாவது தடவையும் சோறு வாங்கினான். சிவசங்கரி புளியாணத்தைத் தனியாக டம்ளரில் வாங்கிக் குடித்தாள். பூர்ணிமா முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனது.

போகும்போது சிவசங்கரி நம்பர் வாங்கிக்கொண்டாள், கொடுத்தாள். ஓசூர் பக்கம்தான் பாயம்மா, பஸ் இருக்குது என்றாள். ஓசூர் பக்கமா என்ன? ஆனாலும் மஹ்பூபா வருகிறேன் என்றாள். தூங்குகிற பிள்ளையை ராஜவேல் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை அவள் மாடி வராந்தாவில் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது எதிர்க் கதவில் பூட்டு தொங்கியது. இனி எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வெளியே வரலாம், குப்பை கொட்டப் போகலாம், ஒளிய வேண்டியதில்லை. அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

அன்றைக்குக் கஞ்சி வாங்கப் போகவில்லை. சட்டியில் ஒரு கைச் சோறும் அடியில் கொஞ்சம் புளியாணமும் இருந்தது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் ஒன்றைத் தின்று தண்ணீர் குடித்தாள். பிறகு அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.

ராஜவேல் பொய் சொல்லவில்லை. பாதிகூட இல்லை. எப்படி இவ்வளவு குறைந்தது என்று யோசித்தாள். அரிசியை எண்ணிப் போட்டாள், அது மூன்று பேருக்கு. புளி மூன்று பேருக்கு. தண்ணீரை அளந்து ஊற்றினாள், அதுவும் மூன்று பேருக்கு. உப்பைத்தான் அளக்கவில்லை. அதைக் கையின் போக்கில் விட்டாள். கை ஒருத்திக்குப் போட்டிருக்கிறது. பதினாலு பேருக்குப் போட்ட கை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எப்போதோ ஒருத்திக்குப் பழகிவிட்டிருக்கிறது.

மதியம் சிரித்ததற்கும் சேர்த்து இப்போது அழுகை வந்தது. அழுதாள். உப்பு ஜாடி எட்டின தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவர்கள் மிச்சம் வைத்ததை, இருந்த உப்போடு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.